சிறுதேரும் கான்டெஸாவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் என்னை அழைத்து, பிள்ளைகள் செய்த பொம்மைக் காரைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். மேடைக்கு இது தகுமோ என்று நண்பர் சிலர் ஐயுற்றனர். தகும் என்பதே என் துணிபு. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வச் சிறுவர் குதிரை பூட்டாமல் கையால் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை பாடிய புலவர் மறக்கவில்லை. பிள்ளைத்தமிழ் கண்ட பெருமக்கள், ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவமாகச் சிறுதேரையே வைத்தனர். அவ்வளவு தூரம் போவானேன்? நுங்கு தின்ற பின் எஞ்சிய கோந்தை இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடாத சிறுவர் நம்முள் யார்? பழைய ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கின்றனர். அவர்கள் சிரிப்பதிலிருந்தே எனக்குத் தெரிகிறது.

இந்தச் செருப்பு வண்டியின் இலக்கணத்தைச் சற்றே கவனியுங்கள். சக்கரம் செருப்பிலிருந்து வந்தது. அச்சு துடைப்பக்குச்சியிலிருந்து வந்தது. உடல் தீப்பெட்டியிலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் வேறொரு காரியத்துக்காகப் பிறந்த பொருள். சிறுவன் கையில் அவை கூடி ஒரு வண்டியாயின. இதைத்தான் மேனாட்டார் ஒரு கலையாக வளர்த்து, 'கிட்பேஷிங்' என்று பெயரிட்டு அழைக்கின்றனர். கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் பிளாஸ்டிக் பாகத் தொகுதிகள் பலவற்றை உடைத்து, ஒன்றின் எஞ்சின், மற்றொன்றின் அடிச்சட்டம், பிறிதொன்றின் சக்கரம் என்று எடுத்துச் சேர்த்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத புதிய வண்டியொன்றைச் செய்வது இது. நான் இதனைப் 'பாகக் கலப்பு' என்று சொல்லிக்கொள்கிறேன். இதனினும் நல்ல சொல் அறிஞர்களுக்குத் தோன்றுமாயின் ஏற்றுக்கொள்வேன்.

அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் 1958-இல் 1/25 அளவில் கார்ப் பாகத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. ஒரு பெட்டியைக் கொண்டு மூன்று விதமாகக் கட்டலாம்: கடையில் விற்கும் கார் போலவே கட்டலாம், அழகுபடுத்தியும் கட்டலாம், பந்தய வண்டியாகவும் கட்டலாம். ஒரு விதமாகக் கட்டி முடித்தால் மற்ற இரண்டு விதத்துக்கான பாகங்கள் மிஞ்சும் அல்லவா? அவ்வாறு மிஞ்சியவற்றைச் சிறுவர்கள் டப்பாக்களில் சேர்த்துவைத்தனர். டப்பா நிறைந்ததும் கலப்பு பிறந்தது. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நாம் கண்டு வியந்த விண்கப்பல்களின் மேற்பரப்பெல்லாம், பீரங்கி வண்டி, விமானம் முதலியவற்றின் பாகத் தொகுதிகளிலிருந்து எடுத்து ஒட்டிய துணுக்குகளே.

நம் பிள்ளைகள் செய்ய விரும்பியது 'மஸில் கார்'. இச்சொல்லை நேரே பெயர்த்துத் 'தசை வண்டி' என்றால் கசாப்புக் கடைக்குச் செல்லும் வண்டி என்று யாரேனும் எண்ணிவிடக்கூடும். ஆகவே ஆங்கிலப் பெயரே இருக்கட்டும். நடுத்தர உருவமுள்ள காரில் பெரிய காருக்குரிய வலிய எஞ்சினைப் பொருத்திவிட்டால் அது மஸில் கார். 1964-இல் வெளிவந்த போன்டியாக் ஜி.டி.ஓ. என்னும் காரையே பலர் இதன் தொடக்கமாகக் கொள்கின்றனர். போன்டியாக்கின் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்று தன் பிரிவுகளுக்கு ஒரு வரம்பு விதித்திருந்தது. போன்டியாக் பொறியியலாளர்களோ தங்கள் பெரிய காரிலிருந்த 389 கன அங்குல எஞ்சினை, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் எஞ்சினை, நடுத்தர உடலில் இறக்கினர். இதனைத் தனிக் காராகக் காட்டாமல், வேண்டுவோர் கேட்டுப் பெறும் கூடுதல் வசதியாகப் பட்டியலில் எழுதி வரம்பைக் கடந்தனர். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நாம் பார்க்கவேண்டியது வேறு. அந்த முதல் மஸில் காரே ஒரு பாகக் கலப்பு!

பிள்ளைகள் முதலில் கேட்டது படத்தில் பார்த்த டாட்ஜ் சார்ஜர். அதன் பாகத் தொகுதி நம் நாட்டில் சில ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. வாங்கிக் கட்டினாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட படமே கையில் வரும். ஆகவே நம் சாலையில் ஓடிய காரொன்றைச் செய்வோம் என்று பேசி முடித்தோம். அது கான்டெஸா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்து உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை உருவாக்கிய கார். முகத்தில் நான்கு வட்ட விளக்குகள், நீண்ட பானெட், இடையில் ஒடுங்கிப் பின்னே பருக்கும் தோள். இந்தியாவின் மஸில் கார் என்று இளைஞர் இன்றும் இதனைச் செல்லமாக அழைப்பர்.

அதன் பிறப்பைக் கேளுங்கள். உடல், 1970-களில் இங்கிலாந்தில் வாக்ஸால் நிறுவனம் விற்ற விக்டர் என்னும் காரினுடையது. எஞ்சின், தொடக்கத்தில், நம் அம்பாஸடரில் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பழைய எஞ்சினே. ஏறத்தாழ ஐம்பது குதிரைத் திறன். அவ்வளவு பெரிய உடலுக்கு அது யானைக்கு அரைக்கவளம். பின்னர் 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானிய இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தபின்தான் வண்டிக்கு உயிர் வந்தது. ஆங்கில உடல், ஜப்பானிய நெஞ்சம், வங்காளத்துக் கை. சிறிய வண்டியைக் கலந்து செய்வது போலி வேலை என்று நினைப்போர், பெரிய வண்டியே இவ்வாறுதான் செய்யப்பட்டது என்பதை எண்ணவேண்டும்.

சட்டத்தைப் பொருத்தும் முன் ஒரு வாதம் எழுந்தது. கான்டெஸாவில் நாங்கள் வி-8 எஞ்சினை வைக்கப் போகிறோம் என்றனர் பிள்ளைகள். "உள்ளதை உள்ளவாறு செய்வதல்லவா முறை?" என்றார் ஒரு தந்தை. அவர் கேட்டது நியாயமே. ஆயின் வரலாறு பிள்ளைகள் பக்கம் இருந்தது. அதே விக்டர் உடலில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து வாக்ஸால் நிறுவனமே வென்டோரா என்ற பெயரில் விற்றது. 1974-இல் அந்த வென்டோராவை அடியாகக் கொண்டு, ஐந்து லிட்டர் ரெப்கோ-ஹோல்டன் வி-8 எஞ்சின் பொருத்திய பந்தய வண்டியொன்று இங்கிலாந்தில் ஓடியது. 'பிக் பெர்த்தா' என்பது அதன் பெயர். ஓட்டியவர் ஜெர்ரி மார்ஷல். அவ்வாண்டிலேயே சில்வர்ஸ்டோன் பந்தயக் களத்தில் அது மோதிச் சிதைந்தது. குப்பையில் எறிந்தார்களா? இல்லை. அதன் எஞ்சினையும் எஞ்சிய பாகங்களையும் எடுத்து, ஃபிரென்சா என்னும் சிறிய காரின் உருவத்தில் 'பேபி பெர்த்தா' என்ற வண்டியைக் கட்டினர். அது 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தன் பிரிவில் வாகை சூடியது. இதைச் சொன்னதும் தந்தையார் தம் வாதத்தைக் கைவிட்டார்.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை அளவு. பங்காருப்பேட்டைச் சாலையில் ஒரு பட்டறையின் பின்புறம் சக்கரமின்றி நின்ற பழைய கான்டெஸாவை, உடையவர் இசைவுடன், பிள்ளைகள் நாடாவால் அளந்தனர். பல பாகங்களைக் கலப்பதில் உள்ள பெரிய இடர், அவை வெவ்வேறு அளவில் பிறந்தவை என்பதே. அமெரிக்கத் தொகுதிகள் பெரும்பாலும் 1/25. ஜப்பானியத் தொகுதிகள் 1/24. நாங்கள் 1/24 என்று முடிவு செய்தோம். காரணம் எளிது: ஓர் அடிக்கு அரை அங்குலம். நம் தச்சரின் மடக்குக் கோலே போதும். பெருக்கல் வகுத்தல் தெரியாத பாட்டிகூடக் கணக்குச் சொல்லிவிடுவாள்.

கான்டெஸாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 105 அங்குலம், அதாவது 2667 மில்லிமீட்டர். இருபத்து நான்கில் ஒரு பங்கு 111 மில்லிமீட்டர். ஒருவர் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட 1/25 அளவு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று பெங்களூரில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. 1965-ஆம் ஆண்டு மஸ்டாங்கின் அச்சிடைத் தூரம் 108 அங்குலம். அதன் இருபத்தைந்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 109.7 மில்லிமீட்டர். வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு! அகலத்திலும் அவ்வாறே: மஸ்டாங் 69, கான்டெஸா 71. பெரிய காரைச் சற்று அதிகமாகச் சுருக்கினால் சிறிய காரைச் சற்றுக் குறைவாகச் சுருக்கியதோடு ஒத்துவிடுகிறது. இந்த உண்மையைத் தாமே கணக்கிட்டுக் கண்டபோது பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தைப் பத்தாம் வகுப்புக் கணக்காசிரியர் கேட்டிருக்கவேண்டும். அடிச்சட்டத்தை நடுவில் அறுத்து ஒரு மெல்லிய துண்டைச் செருகினோம்; பொருந்திவிட்டது.

மற்ற பாகங்களில் எங்கே அளவு வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், எங்கே தெரியாது என்று அறிவதில்தான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. 1/25 எஞ்சின் நூற்றுக்கு நான்கு பங்கு சிறியது. பானெட்டைத் திறந்து பார்ப்பவர் எவரும் அதைக் கண்டுபிடிக்கமாட்டார். சக்கரம் அவ்வாறன்று. அது வளைவுக்குள் நிற்கிறது. வளைவுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண் தானே அளந்துவிடும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வண்டி சீக்காளிபோல் தோன்றும். ஆகவே சக்கரங்களைப் புதிதாகவே செய்தோம், எதிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்துதான்!

இந்த இடத்தில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். தங்கச் சுரங்கப் பட்டறையில் நெடுங்காலம் பிட்டராக இருந்தவர். கோலாரிலும், நம் பக்கத்துச் சிகர்குண்டாவிலும் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பலர் வாழ்வு அன்றே திசைமாறியது. நம் இளைஞரிற் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இருட்டிய பின் திரும்புகின்றனர். பட்டறையில் அரம் பிடித்த கைகள் திண்ணையில் ஓய்ந்தன. ஓய்ந்த அக்கைகளுள் ஒரு கை எங்கள் வேலையைப் பார்க்க வந்தது. முதல் நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் ஒரு தடித்த கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "எதை அளந்தாலும் இதன்மேல் வைத்து அள, மேசை பொய் சொல்லும், கண்ணாடி பொய் சொல்லாது" என்றார்.

சக்கரத்தை உருட்டியவர் அவரே. செருப்பு ரப்பரில் வட்டங்களை வெட்டி, ஒரு போல்ட்டில் கோத்து மரையிட்டு இறுக்கி, அந்தப் போல்ட்டைத் துளையிடும் எந்திரத்தின் வாயில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளை மெல்ல ஒத்தினார். கடைசல் எந்திரமில்லாத ஊரில் கடைசல் நடந்தது. 25 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு சக்கரம். வெர்னியரை வைத்துப் பார்த்தால் நான்கும் ஒன்று போல் இருந்தன. அன்று முதல் பிள்ளைகள் அவரைத் 'தாத்தா' என்பதை விட்டு 'மேஸ்திரி தாத்தா' என்று அழைக்கலாயினர்.

உடலுக்கு மட்டும் கடன் வாங்க இடமில்லை. மேனாட்டு மஸில் கார்கள் பெரும்பாலும் இரு கதவினவை. கான்டெஸாவுக்கு நான்கு கதவு. சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர் கொள்ளும் வெட்பாலை மரத்தில் கூரையையும் பானெட்டையும் அச்சாகச் செதுக்கினோம். இழைப்பு நுண்மையான வெண்மரம். கத்திக்கு நன்றாக இணங்கும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அனலில் வாட்டி இளக்கி, மர அச்சின்மேல் இழுத்து அழுத்தினால் அதன் உருவைப் பெற்றுவிடுகிறது. பக்கங்கள் தட்டைத் தகட்டில் வெட்டியவை. முகப்பின் கம்பித் தட்டி, ஒரு சீப்பின் பல். விளக்குகள் ஐந்து மில்லிமீட்டர் எல்.இ.டி. குமிழ்கள். கண்ணாடிகள், பாட்டுத் தட்டுகள் வைத்திருந்த பழைய சி.டி. உறைகள். பாகத் தொகுதியின் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகும் தறுவாயில் இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் போல் நீளும். அதுவே வானொலிக் கம்பி.

மஸ்டாங்கின் சுக்கான் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். முன் பலகையை நடுவில் அறுத்து இடம் வலம் மாற்றி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. ஒட்டுவதில் இரண்டு எச்சரிக்கை சொல்லிவைக்கிறேன், வீட்டில் செய்ய விரும்புவோர் குறித்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் போன்ற பசையின் ஆவி பட்டால் கண்ணாடிப் பாகம் பனி படிந்தாற்போல் வெளுத்துவிடும். அதற்கு வேறு வெண்பசை வேண்டும். இடைவெளியை அடைக்க அதே பசையின்மேல் சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகும். உடனே அரத்தால் தேய்த்துவிடுங்கள், மறுநாள் தேய்த்தால் அரம்தான் தேயும். தின்னர், வர்ணம் முதலியவற்றைத் திறந்த வாசலில் பெரியவர் துணையோடன்றிப் பிள்ளைகள் தொடலாகாது. உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்க்கவேண்டும்; அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. சுரங்கத் தூசு நெஞ்சில் செய்ததைக் கண்ட குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வர்ணம் ஏறும் வரை அந்த வண்டியைப் பார்க்க நகைப்பாகவே இருந்தது. வெள்ளைத் தகடு, கறுப்புச் சீப்பு, சிவப்பு அடிச்சட்டம், மஞ்சள் மரம். பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்து, "இதற்கா நான்கு மாதம்?" என்றனர். சாம்பல் நிற முதற்பூச்சை மெல்லியதாக இரண்டு முறை தெளித்தோம். அந்தக் கணத்தில் சீப்பு மறைந்தது, சி.டி. உறை மறைந்தது, மஸ்டாங் மறைந்தது. கான்டெஸா ஒன்று நின்றது. வந்த இடங்கள் பலவானாலும் அளவு ஒன்றாகிவிட்டால் வண்டி ஒன்றுதான். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, தெலுங்கும் கன்னடமும் சூழ்ந்த இக்குடுபல்லிப் பக்கத்தில் வாழும் நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தேர்வுக் காலத்தில் பொம்மை செய்வதா என்று தாய்மார் சிலர் வருந்தியதை நான் அறிவேன். அவ்வருத்தம் பொய்யன்று, ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தொங்குவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். ஆயினும் ஒரு செய்தி சொல்வேன். அமெரிக்காவில் 1930 முதல் 1968 வரை 'ஃபிஷர் பாடி' கைவினைஞர் கழகம் என்ற பெயரில் சிறுவர்க்கு மாதிரி வண்டிப் போட்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் நடத்தினர். தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியின் மாதிரி. பின்னர் 1/12 அளவில் சிறுவர் தாமே கற்பனை செய்த கார். வென்றவர்க்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. 1947-இல் பரிசு பெற்ற சக் ஜோர்டன் என்னும் இளைஞர் பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். நம் பிள்ளைகள் அனைவரும் அவ்வாறு ஆவர் என்று ஆசை காட்ட நான் வரவில்லை. கையால் செய்வதைப் படிப்புக்குப் பகையென அவர்கள் கருதவில்லை என்பதையே காட்டுகிறேன். நம் குப்பத்தை அடுத்த குடிவங்காவில், 1999-இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையினர் அமைத்துள்ள வளாகத்தில், கிராமத்துப் பிள்ளைகள் மலிவான பொருள்களைக் கொண்டு செய்து பார்த்தே விஞ்ஞானம் பயில்வதை நீங்கள் சென்று காணலாம்.

என் கவலை வேறு. சுரங்கம் மூடியபோது முப்பது வயதாக இருந்தவருக்கு இன்று ஐம்பதைக் கடந்துவிட்டது. ஐம்பது வயதாக இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரத்தை எந்தக் கோணத்தில் பிடிப்பது, அறுக்கும்போது மூச்சை எப்போது அடக்குவது, ஒரு பரப்பு மட்டமாயிருக்கிறதா என்று விரல் நுனியால் அறிவது எவ்வாறு: இவை எந்தப் பாடநூலிலும் இல்லை. கற்பிப்பவர் இருக்கும் நாள் வரையில்தான் கற்கலாம். மேஸ்திரி தாத்தாவிடம் எட்டுப் பிள்ளைகள் நான்கு மாதம் பயின்றனர். இக்காலனியில் அவரைப் போன்றோர் இன்னும் எத்தனை பேர் உள்ளனர் என்பதை அவரவர் வீட்டுத் திண்ணையை நோக்கினால் நீங்களே அறிவீர்கள்.

கான்டெஸா அதோ, அரங்கின் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்க்கலாம். கதவுகளை இழுக்கவேண்டாம், அவை திறக்கமாட்டா. அடுத்த ஆண்டுக்குச் சென்னையில் 1961 முதல் உருவாகிய ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்யப் பிள்ளைகள் எண்ணியிருக்கின்றனர். முன்னுடல் முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கமாய்த் திறக்கும் கார் அது; கீல் வேலை கடினம், இரண்டு பிட்டர்களாவது வேண்டும். அந்தக் காரின் பழைய கையேடோ படமோ வைத்திருப்போர் ஒருமுறை பார்க்கத் தந்து உதவுங்கள். உடைந்த பொம்மைகளையும் சி.டி. உறைகளையும் பழைய சீப்புகளையும் தூக்கி எறியாமல் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும். கண்ணாடிப் பலகை அங்கேயே இருக்கிறது.